கரடிகளின் இடது கார்னர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வீரகேரளம்புதூரில் நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தில், பேனாவை இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராத ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. அண்ணாச்சியின் மனைவி முத்துலெட்சுமி மைனி. அழுகைச் சத்தம் எதுவும் இல்லை.

"தம்பி, ஒங்க அண்ணாச்சி போயிட்டாவ. அறுத்துப் பாத்துட்டுத்தான் தருவாவளாம். நாளைக்குக் காலைல எடுக்கணும். வந்துருங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் பேனாவை அந்த மனிதரிடமே விட்டுவிட்டு, விடுப்புக் கடிதம் எழுத வேறு பேனா இல்லாமல் நின்றேன்.

மறுநாள் பேருந்தில் போகும்போது செய்தித்தாளைப் பார்த்தேன். கோயில் கொடை விழா கபடியில் மோதல், நடுவர் சாவு என்று ஐந்து வரி. வயதைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். முன்னாள் கபடி வீரர் என்று ஒரு சொல். எந்த அணி, எந்த இடம், எப்படிப்பட்ட வீரர் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை போலும். படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைச் சுருட்டி ஜன்னல் வழியே எறிந்துவிட்டேன். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அது முழுதும் பத்திரிகைக்காரர்கள் மேல் வந்த கோபம் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

அவர் பெயர் ஐயாத்துரை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இலஞ்சியில் வீடு. அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் மசாஜ் செய்வது தொழில். 'தென்காசி கரடிகள்' என்ற கபடி அணிக்கு மூன்று ஆண்டுகள் இடது கார்னர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எதிரணி ஆள் பாடிக்கொண்டு உள்ளே வரும்போது ஏழு பேர் வளைந்து நிற்பார்கள். அந்த வளைவின் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள்தான் கார்னர். பாடி வருபவனின் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பது அவர்கள் வேலை. உதை வாங்குவதும் அவர்கள்தான்.

அவர் பெயரோடு ஒரு பழியும் ஒட்டியிருக்கிறது. இந்த வட்டாரத்தில் 'காலொடிச்சான் ஐயாத்துரை' என்றால்தான் பலருக்குத் தெரியும். அந்தக் கால் என்னுடையது. இடது கால், முழங்காலுக்கு நான்கு விரல் கீழே. அது எப்படி ஒடிந்தது என்று இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருவர் போய்விட்டார். மற்றவன் பன்னிரண்டு வருடம் வாயைத் திறக்காதவன். அஞ்சலி என்று சொல்லிக்கொண்டு அவன் இன்றும் மழுப்பினால், அவன் இதை எழுதாமலேயே இருந்திருக்கலாம்.

முதலில் இருந்தே சொல்கிறேன்.

நான் அண்ணாச்சியை முதன்முதலில் பார்த்தது சுரண்டைப் பக்கம் ஒரு மண் தரையில். லீக் எல்லாம் வருவதற்கு முந்தைய காலம். ஆட்டம் தொடங்கும் முன் ஓர் ஆள் குழாயடியில் உட்கார்ந்து சீயக்காய் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. பிறகு மண்ணை அள்ளித் தேய்த்தார். பக்கத்தில் நின்று செம்பால் தண்ணீர் ஊற்றியவர் சுடலைமுத்து, அதே அணியின் வலது கார்னர், ஐயாத்துரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. கபடியில் உடம்பில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. எண்ணெய்த் தொழில்காரர் என்பதால் எல்லா நடுவர்களும் அண்ணாச்சியைத்தான் முதலில் கூப்பிட்டுக் கையைத் தடவிப் பார்ப்பார்கள். அவரும் சிரித்தபடி நீட்டுவார்.

"சோத்துக்குப் பண்ணுத தொழிலு பூரா வழுக்கலு. இங்கன வந்தாவது பிடி நிக்கட்டும்" என்பார்.

அன்று நான் பாடிக்கொண்டு போன முதல் முறையே கணுக்காலில் ஏதோ கொக்கி மாட்டியது. முகம் தரையில் போய் அறைந்தது. வாயெல்லாம் ரத்தமும் மண்ணும். எழுந்து துப்பினால் முன்பல் ஒன்று இல்லை. ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் ஓர் ஆள் மட்டும் தரையில் குத்துக்காலிட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். கடைசியில் எதையோ எடுத்து, ஊதி, வேட்டியில் துடைத்து என்னிடம் கொண்டுவந்து தந்தார்.

"இந்தா, ஒன் பல்லு. நல்ல கடவாப் பல்லு கணக்கா இருக்கு, தூரப் போட்டுராத."

அது முன்பல் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை எனக்கு. அவர் தோளில் கைபோட்டுத்தான் அன்று பேருந்து நிலையம் வரை நடந்தேன்.

எங்கள் பக்கத்து மண் கபடியில் ஒரு வழக்கம் உண்டு. எவன் பிடியில் அடிபட்டதோ, அவன்தான் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எலும்பு முறிவு என்றால், கட்டுப் போடும் வைத்தியர் உள்ளே நுழையும்போதே "யாரு பிடி?" என்று கேட்பார். பிடித்தவன் "என் பிடி" என்று சொல்லி முன்னால் வர வேண்டும். வைத்தியர் எலும்பை இழுத்துப் பொருத்தும் வரை அவன்தான் காலையோ கையையோ அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அடிபட்டவன் அவன் முகத்தைப் பார்த்தே அலறலாம், ஏசலாம், கடிக்கவும் கடிக்கலாம். கட்டுப் போட்டு முடித்தால் இருவருக்கும் பகை இல்லை. அண்ணாச்சி இந்த வழக்கத்தைக் கோயில் முறை மாதிரி கடைப்பிடித்தார். அவர் முன்கையில் அந்நியர் பல் தடங்கள் மூன்று நான்கு எப்போதும் இருக்கும்.

பிறகு லீக் வந்தது. மாநிலம் முழுக்க எட்டு அணிகள். மண் போய் 'மேட்' என்னும் நீல நிற ரப்பர் விரிப்பு வந்தது, வெறுங்கால் போய் பூட்ஸ் வந்தது, தொலைக்காட்சி வந்தது. பெயர் வைத்தார்களே, அதைச் சொல்ல வேண்டும். தண்ணீரே இல்லாத ஆற்றுக்கு 'வைகைச் சுறாக்கள்'. 'சேலம் இரும்புக் கரங்கள்', 'காவிரிக் கழுகுகள்'. நான் ஆடியது 'பொருநைப் புயல்கள்'. இவர்கள் 'தென்காசி கரடிகள்'. கரடி வேடம் போட்ட ஓர் ஆள் பைபர் தலையை மாட்டிக்கொண்டு சாரலில் நனைந்து ஆடுவார். இன்று அந்த எட்டில் ஒன்றுகூட இல்லை. எட்டும் போன இடம் தெரியாமல் போய்விட்டன.

மேட்டில் ஆடினாலும் அண்ணாச்சியின் ஆட்டம் மண் ஆட்டம்தான். சேலத்து அணியோடு ஒரு ஆட்டத்தில், பாடி வந்தவன் பின்னங்காலால் விட்ட உதை அவர் புருவத்தைப் பிளந்துவிட்டது. சதை தொங்குகிறது. இடைவேளையில் மரத்துப்போகும் ஊசி கூடப் போடாமல் ஐந்து தையல் போட்டுக்கொண்டு வந்தார். வந்து அதே ஆளை, அதே காலை, மூன்று முறை அடுத்தடுத்துப் பிடித்தார். மூன்றாம் முறை அவன் விலா மேட்டில் மோதிய சத்தம் மேல் வரிசைக்குக் கேட்டது. மூச்சு வராமல் கிடந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நெஞ்சைத் தேய்த்துவிட்டபடி கேட்டாராம்: "நல்ல ஒதைடே. யாருகிட்ட படிச்ச?"

அவர் ஆட்டத்தில் இரக்கம் கிடையாது. ஆனால் வஞ்சம் இருந்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததாகச் சொன்ன எல்லாரும் என் காலைத்தான் சாட்சியாகக் காட்டினார்கள்.

மூன்றாம் ஆண்டு அரையிறுதி. தென்காசிக்கு வெளியே தகரக் கூரை போட்ட அரங்கம். கரடிகளுக்கும் எங்களுக்கும் ஆட்டம். அப்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு அரசு வேலை ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. இறுதிப் போட்டிக்குப் போன அணியில் இருந்ததாகச் சான்று இருந்தால் வேலை உறுதி என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் இரண்டு தங்கைகள். அப்பா படுக்கையில். அந்த ஆண்டு அண்ணாச்சியிடம் நான் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. முதல் பாதியிலேயே என்னை நான்கு முறை பிடித்துவிட்டார். வெளியே உட்கார வைத்துவிடுவேன் என்று பயிற்சியாளர் கத்தினார்.

இடைவேளையில் நான் கழிப்பறைக்குப் போனேன். பையில் ஒரு சின்னப் புட்டி நல்லெண்ணெய் வைத்திருந்தேன். நடுவர்கள் ஆட்டம் தொடங்கும்போதுதான் தடவிப் பார்ப்பார்கள். இடைவேளைக்குப் பிறகு பார்ப்பதில்லை. முழங்காலிலிருந்து காலுறை வரை எண்ணெயைத் தேய்த்தேன். மணம் தெரியாமல் இருக்க வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை மேலே அடித்தேன். இவ்வளவுதான் நடந்தது. இதைச் சொல்லத்தான் எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

இரண்டாம் பாதியில் பாடிக்கொண்டு போனேன். அண்ணாச்சி பாய்ந்தார். கை சரியான இடத்தில் விழுந்தது, ஆனால் நிற்கவில்லை. வழுக்கியது. பிடி இல்லாமல், பாய்ந்த வேகத்தோடு அவர் உடம்பு முழுதும் வந்து என் காலில் பக்கவாட்டில் மோதியது. என் பாதம் மேட்டில் ஊன்றியிருந்தது. சுள்ளியை முறிக்கும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். என் பாதம் நான் பார்க்காத திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அரங்கத்தில் நடந்ததை விளையாட்டு என்று சொல்ல முடியாது. "வேணும்னே ஒடிச்சுட்டான்லே" என்று எங்கள் ஆட்கள் பக்கம் ஒரு குரல் கிளம்பியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்து வந்தன. தகரத்தைப் பிய்த்தார்கள். ஒருவன் வேடக்காரரிடமிருந்து கரடித் தலையைப் பிடுங்கி, கீழே கிடந்த என்மேல் குனிந்திருந்த அண்ணாச்சியின் உச்சந்தலையில் ஓங்கி அடித்தான். பைபர் உடைந்தது. நாற்காலிக் காலால் முதுகில் அடித்தார்கள். அவர் திருப்பி அடிக்கவே இல்லை. என் காலுக்கு மேலே கைகளை ஊன்றி, மிதி என்மேல் படாமல் அப்படியே கவிழ்ந்து நின்றார். அவர் நெற்றி ரத்தம் என் வாயில் விழுந்தது. அதன் உப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆம்புலன்ஸின் முன்கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். அண்ணாச்சி என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பின்சுவர் வழியே இறங்கி, ஓர் ஆட்டோவைப் பிடித்துக் கட்டுப் போடும் வைத்தியர் வீட்டுக்குக் கொண்டுபோனார். பெஞ்சில் என்னைக் கிடத்திவிட்டுக் கையை எடுத்தவர் நின்றுவிட்டார். உள்ளங்கை மினுமினுத்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். நாள்தோறும் ஐம்பது உடம்புக்கு எண்ணெய் தேய்க்கும் ஆளிடம் ஸ்ப்ரே மணம் எடுபடுமா? என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் தன் பனியனைக் கழற்றினார். கரடி முகம் போட்ட, ஐந்தாம் எண் பனியன். அதைக்கொண்டு என் காலை முழங்காலிலிருந்து அடிவரை துடைத்தார். வலியில் நான் அலறினேன். மறுபடியும் ஒருமுறை துடைத்தார். பனியனைச் சுருட்டிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

"வேலைக்கு ஆர்டரு வரப்போவுதுன்னு சொன்னேல்லா?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்பம் வாய மூடிக்கிட்டுப் படுலே."

வைத்தியர் உள்ளே வந்து வழக்கப்படி கேட்டார்: "யாரு பிடி?"

"என் பிடி" என்றார் அண்ணாச்சி. எலும்பை இழுத்தபோது நான் அவர் முன்கையைக் கடித்தேன். சதை பெயர்ந்து வந்தது. அவர் கையை இழுக்கவில்லை.

மேட்டில் எண்ணெய்த் தடம் இருந்ததை நடுவர்கள் பார்த்துவிட்டார்கள். விசாரணை நடந்தது. அது யாருடைய எண்ணெய் என்பதுதான் கேள்வி. "காலைல மசாஜ் பண்ணிட்டு வந்தேன். கைய சரியாக் கழுவல. அதான் வழுக்கிட்டு" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். கையை மூன்று முறை கழுவாமல் களத்தில் கால் வைக்காத மனிதர். ஆட்டத்துக்கு முன் அந்தக் கையைத் தடவிப் பார்த்த நடுவருக்கும், ஒத்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்ததே போதுமாக இருந்தது. என்னிடமும் வாக்குமூலம் வாங்க வந்தார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு வாழ்நாள் தடை. கரடிகளைப் போட்டியிலிருந்து நீக்கி, எங்களை இறுதிக்கு அனுப்பினார்கள். நான் காலில் கட்டோடு கட்டிலில் கிடந்தேன். அணிப் பட்டியலில் என் பெயர் இருந்தது. சான்றும் வந்தது, வேலையும் வந்தது. இன்று நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அதுதான்.

கலவரத்துக்குப் பிறகு விளம்பரக்காரர்கள் விலகினார்கள். அடுத்த ஆண்டு ஆறு அணியோடு தொடங்கிப் பாதியிலேயே நிறுத்தினார்கள். எட்டு அணி முதலாளிகளும் எப்படியும் ஓடித்தான் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. ஆனால் ஆட்டக்காரர்களுக்குக் கைகாட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒரு காலை ஒடித்து ஒரு லீக்கையே ஒடித்தவன் என்றார்கள். எல்லாரையும்விட அதிகம் வெறுத்தது சுடலைமுத்து. அன்றும் செம்பால் தண்ணீர் ஊற்றியது அவர்தான். அண்ணாச்சி மூன்று முறை கழுவியதைக் கண்ணால் பார்த்தவர். அப்படியானால் அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? வேண்டுமென்றே பூசியிருக்கிறான், அணியை விற்றுவிட்டான் என்று முடிவு கட்டினார். அதன் பிறகு அவர் அண்ணாச்சியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருடம்.

அணி கலைந்தபோது மேட்டைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணாச்சிக்குக் கிடைத்த நீலத் துண்டை அவர் மசாஜ் கொட்டகையில் விரித்தார். சீசனுக்குக் குற்றாலம் வந்த எத்தனையோ பேர் அதன்மேல் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போயிருப்பார்கள். நானும் ஆண்டுதோறும் சாரல் தொடங்கியதும் போய்ப் படுப்பேன். ஈரக் காற்றுப் பட்டால் என் கால் குடையும். அவரே கூப்பிட்டுத் தேய்த்துவிடுவார். எண்ணெய்க் கையால் என் காலை அவர் தொடும் ஒவ்வொரு முறையும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருமுறை தைரியம் வந்து தொடங்கினேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான்..."

"பேசாமக் கெடலே. பேசினா தசை இறுகுது."

நான் குப்புறத் திரும்பிப் படுத்தேன். அப்படிச் சொல்லி அவர் என்னைக் காப்பாற்றினாரா, இல்லை தண்டித்தாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

தடை விதித்த லீக்கே செத்துப்போனதால் ஊர்க் கமிட்டிகள் அவரை நடுவராகக் கூப்பிட்டன. அவர் நடுவராக நின்றால் ஒரு விஷயம் உறுதி: பாடிப் போகும் ஒவ்வொருவன் காலையும் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார். ஆட்டம் தொடங்கும்போது ஒருமுறை, இடைவேளைக்குப் பிறகு ஒருமுறை. அந்த இரண்டாவது முறை வேறு எந்த நடுவரிடமும் கிடையாது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை, சுரண்டைக்குக் கிழக்கே ஓர் ஊரில் கோயில் கொடை. பிற்பகல் நான்கு மணி ஆட்டம். இடைவேளைக்குப் பிறகு ஓர் ஆளின் காலைத் தடவிப் பார்த்தவர், விசிலை வாயிலிருந்து எடுத்தார். "போயிக் கழுவிட்டு வாடே. ஒண்ணும் சொல்ல மாட்டேன். கழுவிட்டு வந்து ஆடு" என்றிருக்கிறார். அவன் மாட்டேன் என்றான். அப்படியானால் நீ வெளியே என்றார் அண்ணாச்சி. அவன் பக்கத்து ஆட்கள் எல்லைக் கயிறு கட்டியிருந்த கழிகளைப் பிடுங்கினார்கள்.

"நீ காலொடிச்சவந்தானலே! நீயா எங்களுக்கு நியாயம் சொல்லுத?"

அதைச் சொல்லிச் சொல்லித்தான் அடித்திருக்கிறார்கள். முதல் அடி தோளில். இரண்டாவது வாயில். கீழே விழுந்தவரைக் கால்மாட்டிலிருந்து தொடங்கி அடித்தார்கள். தலையில் விழுந்தது எத்தனை என்று நேரில் பார்த்தவர்களாலும் சொல்ல முடியவில்லை. நான்கு பேரைப் போலீஸ் பிடித்திருக்கிறது. அந்தச் சொல்லை அவர்கள் கையில் கொடுத்த ஐந்தாவது ஆள் யாரென்று போலீசுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலை முழுக்கக் கட்டு. முகம் வீங்கி, ஒரு கண்தான் திறந்திருந்தது. மைனி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும், அவர் கை என் இடது காலைத் தேடி வந்து பிடித்தது. பழைய இடத்தில்தான்.

"அவன் காலத் தொட்டதும் ஒன் நெனப்பு வந்துட்டுலே." குரல் பல்லில்லாத வாய் வழியே வந்தது. "அவங்கிட்ட கழுவிட்டு வான்னு சொல்லிட்டேன். ஒங்கிட்ட சொல்ல அன்னைக்கு நேரமில்ல."

பன்னிரண்டு வருடத்தில் அவர் அதைப் பற்றிச் சொன்னது இது ஒன்றுதான். நான் அழுதேன். எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி என்றேன். அதற்குள் அவர் தூங்கிவிட்டார். கேட்டதா இல்லையா என்று தெரியாது.

புதன்கிழமை காலை இலஞ்சி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெரிய கூட்டம் என்று சொல்ல முடியாது. கரடிகளில் மூன்று பேர் வந்திருந்தார்கள். சுடலைமுத்து வீட்டுப் பக்கம் வராமல் எதிர்த்த மின்கம்பத்தில் சாய்ந்து நின்றார். பந்தலுக்குள் நாற்காலியில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்.

"இவரு ஊரான் கால ஒடிச்சாரு. அவனுவ இவரு மண்டைய ஒடச்சுட்டானுவ. சரியாப் போச்சு."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தலைமாட்டில் இருந்த மைனி தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். அவருக்கும் பன்னிரண்டு வருடம் அதுதான் பழக்கம். நான் எழுந்தேன்.

"அண்ணாச்சி யாரு காலையும் ஒடிக்கல. அன்னைக்கு என் கால்ல எண்ணெ இருந்துச்சு. நான்தான் தேச்சேன். அவிய பிடி வழுக்கினது அதனாலதான். எனக்கு வேல போயிரக் கூடாதுன்னு பழிய அவிய ஏத்துக்கிட்டாவ. நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

தெருவிலிருந்து செருப்புச் சத்தம் வந்தது. சுடலைமுத்து. என் சட்டையைப் பிடித்துத் தூக்கி முதல் குத்தை விட்டார். உதடு கிழிந்தது. இரண்டாவது குத்தில் பந்தல் கால் ஆடியது. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார். "பன்னெண்டு வருசம்லே! ஒரே தெருவுல! அவன் மொகத்தப் பாக்காமப் போயிருக்கேன்லே நானு!" என்று அழுதுகொண்டே அடித்தார். நான் கையை உயர்த்தவில்லை. யாரும் விலக்கவும் வரவில்லை. அவர் மூன்றாவது முறை முட்டியை ஓங்கியபோது மைனியின் குரல் வந்தது.

"போதும் அண்ணே. வாய ஒடச்சுராதிய. நாலு எடத்துல போயி இவன் இதச் சொல்லணும்."

எப்போதும் என்னைத் தம்பி என்றும் வாங்க போங்க என்றும் பேசுபவர். அன்று 'இவன்' என்றார். சரிதான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என் வேலையை என்ன செய்வார்கள் என்று தெரியாது. கேட்டால் இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். இந்த முறை எல்லாம் நினைவிருக்கிறது என்று எழுதுவேன்.

குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். உடலை எடுப்பதற்கு முன் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எண்ணெயும் சீயக்காயும் வைத்துக் குளிப்பாட்டுவது எங்கள் முறை. ஆனால் அறுத்துத் தைத்துக் கொண்டுவந்த உடம்பு, தலையிலும் கட்டு. எண்ணெய் வைக்க இடமில்லை. "கால்ல வச்சுருங்க, போதும்" என்றார் சடங்கு செய்த பெரியவர். எல்லாரும் தொட்டு வைத்தார்கள். சுடலைமுத்து வைக்கும்போது அந்தக் காலை விடவே மாட்டேன் என்று கட்டிக்கொண்டார். கணுக்காலை இரண்டு கையாலும், கார்னர் பிடிக்கும் அதே பிடியில். அவரைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கடைசியாக மைனி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் போய் உட்கார்ந்தேன். போர்த்தியிருந்த துணிக்கு வெளியே முன்கை தெரிந்தது. என் பல் தடம் வெள்ளையாக இருந்தது. கிண்ணத்தில் நல்லெண்ணெய். விரலில் தொட்டு அவர் இடது காலில், முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை தடவினேன். மற்றவர்கள் வைத்த எண்ணெயும் அங்கேதான் இருந்தது. பிறகு சீயக்காயைக் குழைத்துத் தேய்த்தேன். நீர்மாலைத் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். மறுபடி தேய்த்துக் கழுவினேன். "போதும்பா, நேரமாவுது" என்றார்கள். நான் மூன்றாம் முறையும் கழுவினேன். பிறகு என் கட்டைவிரலை அவர் காலில் வைத்து, அவர் எல்லாரையும் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தேன். விரல் வழுக்கவில்லை.

போய்வாருங்கள், அண்ணாச்சி. கழுவிவிட்டேன்.